திருப்பிக் கொடுத்த கையெழுத்துகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களிடம் ஒரு மணித்தியாலம் வந்து பேசச் சொல்லிக் கந்தோரிலிருந்து கேட்டிருந்தார்கள். நான் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்பது என் கணவருக்குத் தெரியும். "எழுதிக் குடுத்துடு. அலுத்துப்போனா பக்கத்தப் புரட்டிட்டுப் போவாங்க, பாவம்" என்றார். அவர் பேச்சை நான் கேட்கும் நாட்கள் குறைவு. இன்று அதில் ஒன்று.

கண்டி ஏரிக்கு மேலே சரிவில் இருக்கும் நம்முடைய சமூகப்பணி அலுவலகமான இந்தக் கந்தோரில்தான் என் இளமை முழுவதும் போனது. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள் நான். கன்னியாஸ்திரிகள் புண்ணியத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது. அதை வைத்து வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன், பிறகு அறிக்கை எழுதினேன், வெள்ளைக்காரர் வந்தால் மொழிபெயர்த்தேன். தோட்டத்துச் சனத்துக்கு நான் அன்றைக்கும் மிஸ், பேரப்பிள்ளை எடுத்த பிறகும் மிஸ். நீங்களும் இனி மிஸ்தான், சேர்தான். பழகிக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமியார் கேட்டார், "என்ன வேலை அது?" என்று. பாப்பரசர்களின் சமூகப் போதனையைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிற வேலை என்றேன். "அப்ப சம்பளம் ரோமிலிருந்தா வரும்?" என்றார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த வேலையைச் செய்கிற நமக்கே அது பல வேளை விளங்குவதில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு பாப்பரசர் பின் ஒரு பாப்பரசராகச் சுற்றுமடல் எழுதியிருக்கிறார்கள். தொழிலாளி சங்கம் சேரலாம், கூலி குடும்பத்துக்குப் போதுமானதாக இருக்கவேண்டும், ஏழையின் பக்கத்திலிருந்து முதலில் பார்க்கவேண்டும், எந்த மனிதனுக்கும் பிறப்போடு வருகிற மாண்பு உண்டு என்றெல்லாம். அந்தக் கடதாசிகள் பெரிய நாடுகளின் சட்டங்களுக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தன, ஏழை நாடுகளின் கடனைப் பற்றிய பேச்சுகளில் எப்படி நுழைந்தன என்றெல்லாம் உங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். நன்றாகவே எடுப்பார்கள். நான் எடுத்த முதல் வகுப்பு அப்படி இல்லை.

சேர்ந்த முதல் மாதம் அது. பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்களை ஒரு பிள்ளைக்காம்பராவில் இருத்தி, மனித மாண்பு பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசினேன். பிள்ளைக்காம்பரா என்றால் தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை. முன்வரிசையில் இருந்த அம்மா தூங்கிப்போனார். தூங்கினால் பரவாயில்லை, குறட்டையும் விட்டார். நான் குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். முடிந்தபின் பக்கத்தில் இருந்தவர் சொன்னார், "கோவிச்சுக்காதீங்க மிஸ், நீங்க பேசுறது பிள்ளைக்குத் தாலாட்டு மாதிரி இருந்திச்சு." மாண்பு என்பது களைத்து வந்தவரை வீட்டுக்கு அனுப்புவதில் தொடங்குகிறது என்று அன்றைக்கு விளங்கியது. அது சின்னப் பிழை. சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. சிரிக்க முடியாத பிழை ஒன்று, வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் கழித்துச் செய்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எங்கள் இயக்குநராக இருந்த ஃபாதர் வடக்கிலிருந்து வந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அக்கா என்பார். பேர் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கந்தோரை விட்டு எந்தக் கடதாசி வெளியே போவதென்றாலும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார். "உதை ஆருக்கு வாசிச்சுக் காட்டினீங்கள்?" உதை என்றால் வடக்குப் பேச்சில் இதை. யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களுக்கு, அவர்கள் பாஷையில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டவேண்டும். காட்டாத கடதாசிக்கு முத்திரை விழாது. எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு பக்கக் கடிதத்துக்காக பஸ் ஏறித் தலாத்துஓயா தாண்டி ஹேவாஹெட்ட மலைக்குப் போய் வாசித்துவிட்டு வரவேண்டும். போகும்போது திட்டிக்கொண்டு போவோம். ஆனால் வரும்போது யாராவது ஒரு மடி பீன்ஸ் கட்டித் தருவார்கள், மத்தியானம் கந்தோரில் எல்லாரும் சோற்றைப் பகிர்ந்துகொண்டு அந்த பீன்ஸைச் சாப்பிடுவோம். ஓய்வு பெற்றபின் எல்லாம் கிடைக்கிறது, அந்தச் சாப்பாட்டு மேசை கிடைக்கவில்லை.

அந்த வருஷம் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு கத்தோலிக்க அமைப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நம் நாட்டுச் சாமான்கள் அங்கே தீர்வை இல்லாமல் இறங்குவதற்கு ஐரோப்பிய நாடுகள் ஒரு சலுகை தருகின்றன. தொழிலாளர் உரிமையும் மனித உரிமையும் பேணப்பட்டால்தான் அந்தச் சலுகை. அதைத் தொடர்வதா என்று அங்குள்ள பாராளுமன்றக் குழு ஒன்று பேசப்போகிறது, தோட்டத் தொழிலாளரின் குரல் அங்கே கேட்கவேண்டும், கையெழுத்தோடு ஓர் அறிக்கை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஃபாதர் ஒரு மாதக் கற்கைக்காக வெளியூர் போயிருந்தார். பொறுப்பு என் தலையில்.

எனக்கு அன்றைக்கு இருந்த வேகத்தை என்னவென்று சொல்வேன். நான் பிறந்த லயத்தின் கூரை இன்னும் அதே தகரம். ஐந்து தலைமுறை உழைத்தும் ஒரு பேர்ச் காணி சொந்தமில்லை. ஒரே மூச்சில் எழுதினேன். காணியும் வீடும் தொழிலாளர் பேருக்கு எழுதப்படும்வரை அந்தச் சலுகையை நிறுத்திவைக்கவேண்டும் என்று தொழிலாளர்களாகிய நாங்கள் கேட்கிறோம் என்று முடித்தேன். இங்கிலீஷில்தான். எழுதி முடித்ததும் ஒரு பிளேன்டீ குடித்தேன். இதைவிட நல்லதாக நான் ஒன்றும் எழுதியதில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்தால் நீங்கள் எச்சரிக்கையாக இருங்கள்.

கையெழுத்துக்கு எங்கே போவது? ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டம் ஒன்றில் அந்தோனியார் கோவில் திருநாள் அந்த ஞாயிற்றுக்கிழமை. அந்தோனியாருக்கு மதம் பார்க்கத் தெரியாது. வேதக்காரர் கால்வாசி, மற்றதெல்லாம் சைவச் சனம், நெற்றியில் திருநீற்றோடு வரிசையில் நிற்கும். பூசை முடிந்ததும் மந்திரித்த பாண், அதாவது ரொட்டி, கொடுப்பார்கள். நான் என் மேசையை அந்தப் பாண் மேசைக்குப் பக்கத்திலேயே போட்டேன். நம்முடைய வீடு, காணி விஷயமாக வெளிநாட்டுக்கு எழுதுகிறோம் என்றேன். பொய் இல்லை. சலுகையை நிறுத்தச் சொல்கிற பகுதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாசித்துக் காட்டத்தான் நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது, சனம் கோவிலுக்குள் நெருக்கியது. ஒரு கையில் பாண், மறு கையில் பேனா, வந்தவரெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கோவில் மேசையில் இருக்கும் கடதாசி கெடுதல் செய்யாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. முந்நூற்றுச் சொச்சம் பேர். ஈரம் படாமல் தாள்களைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த கிழமை ஃபாதர் திரும்பினார். அதற்கு மறுநாளே அந்த அமைப்பிலிருந்து எல்சா என்ற அம்மையார் வந்துவிட்டார். கையெழுத்துத் தாள்களை நேரில் வாங்கவும், ஒரு நாள் கருத்தரங்கு வைக்கவும் வந்திருந்தார். ஃபாதருக்கு நான் எதையும் விபரமாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. அவருடைய கேள்வி எனக்குத் தெரியுமே.

அலவத்துகொடையிலிருந்து வேன் ஓட்டும் முஸ்லிம் அண்ணன் ஒருவர்தான், நாங்கள் நானா என்போம், எங்களுக்கு எப்போதும் வாகனம். அவர் போய் அந்தத் தோட்டத்து மாதர் சங்கப் பெண்கள் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்தார். சங்கத்தின் தலைவி ராஜேஸ்வரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள், எனக்கு அது எப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அவளுடைய மகள் கண்டிக்குப் பக்கத்தில் ஒரு கார்மண்ட் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தாள்.

எல்சா நல்லவர். அதை முதலே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது. அவர் காலையில் ஒரு விஷயத்தை விளக்கினார். பாப்பரசர்களின் போதனையில் துணைநிலைக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. சிறிய கூட்டம் தானே தீர்மானித்துச் செய்யக்கூடியதைப் பெரிய கூட்டம் பறித்துக்கொள்ளக் கூடாது. உதவி செய்யலாம், பறிக்கக் கூடாது. அந்த எண்ணம் எத்தனையோ பேரின் கை மாறி, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து எழுதிக்கொண்ட ஒப்பந்தத்திலேயே இடம்பிடித்திருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. எனக்கும் பெருமையாக இருந்தது. நான் அதை என் பாணியில் மொழிபெயர்த்தேன்.

"உங்க லயத்துத் தண்ணிக் குழாய நீங்களே பாத்துச் செய்ய முடியும்னா, தொர வந்து முடிவு பண்ணக் கூடாது. தோட்டத்துல முடியிறத கண்டியில முடிவு பண்ணக் கூடாது. கண்டியில முடியிறத கொழும்புல பண்ணக் கூடாது."

பெண்கள் தலையாட்டினார்கள், தோட்ட நிர்வாகி துரையைச் சொன்னதும் சிரித்தார்கள். ராஜேஸ்வரி மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்சா கையெழுத்துத் தாள்களைத் தூக்கிக் காட்டினார். "உங்களுக்கு நன்றி. சலுகையை நிறுத்தவேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்களே கேட்கிறார்கள் என்பதை அடுத்த மாதம் எங்கள் பாராளுமன்றக் குழு கேட்கும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கவேண்டும்.

அந்த வசனத்தை இங்கிலீஷில் எழுதியவள் நான். தமிழில் அதை ஒரு தடவைகூட நான் சொல்லிப் பார்த்ததில்லை. வாயில் வந்தது வேறொன்று.

"உங்க கோரிக்கைய அங்க வைக்கப் போறாங்களாம்."

இளையவர்களே, மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடிய பிழைகளில் மோசமானது இதுதான். தெரியாமல் மாற்றிச் சொன்னால் திருத்தலாம். தெரிந்துகொண்டே வழவழப்பாக்குவது களவு.

ராஜேஸ்வரி எழும்பினாள். "என்னா கோரிக்கை மிஸ்?"

"வீடு காணி விஷயந்தான்."

"அது தெரியும். அந்தம்மா இன்னும் நீளமா பேசுனாங்களே."

பின்வரிசையில் ஃபாதர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் சொன்னேன். சலுகை என்றால் என்ன, அதை நிறுத்தச் சொல்லி அந்தத் தாளில் எழுதியிருக்கிறது, எழுதியது நான், அதன் கீழேதான் உங்கள் கையெழுத்து இருக்கிறது, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியது.

"அந்தச் சலுகையிலதான் கார்மண்ட் ஓடுதுன்னு என் மக சொல்லும்," என்றாள் ராஜேஸ்வரி. "முந்தி ஒரு தடவ நின்னப்ப என் தங்கச்சி பெட்டியோட லயத்துக்குத் திரும்பி வந்திச்சு. மறுபடி கொழுந்துக் கூடையத்தான் மாட்டுச்சு. இப்ப என் மகளும் அப்பிடி வரணும்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேனா மிஸ்?"

தேயிலையை மட்டும் நினைத்து எழுதினேன். லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள்.

அவள் உட்காரவில்லை. "இப்பதானே சொன்னீங்க, தோட்டத்துல முடியிறத கண்டியில முடிவு பண்ணக் கூடாதுன்னு. அப்ப இது?"

ஃபாதர் எழுந்து தேநீர் இடைவேளை விட்டார். நடைபாதையில் நானும் அவரும் எல்சாவும் நின்றோம். எல்சாவுக்கு விஷயம் புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கு அவருடைய நெருக்கடி. தாள் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது, குழுவில் இருப்பவர்கள் முதலில் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள், முந்நூறு கையெழுத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு போனால் தோட்டத் தொழிலாளரைப் பற்றி அந்த அறையில் ஒருவரும் பேசமாட்டார்கள் என்றார். கையெழுத்துகள் உண்மையானவை, யாரும் வற்புறுத்தவில்லை, ஒரு விளக்கக் குறிப்பை மட்டும் சேர்த்து அனுப்பலாமே என்றார். சொன்னது நியாயம்போலத்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை தேனாக இனித்தது. ஒரு குறிப்போடு என் பிழை மறைந்துவிடும்.

ஃபாதர் என்னிடம் தமிழில் கேட்டார். "அக்கா, உதை ஆருக்கு வாசிச்சுக் காட்டினீங்கள்?"

"மழை வந்திடுச்சு ஃபாதர்."

"மழை பெய்தது சரி." எல்சா கையிலிருந்த தாள்களைக் காட்டினார். "அந்தக் கையெழுத்துகள் ஆற்றை? எங்கட கந்தோரின்ரயோ?"

"அவங்களோடது."

"அப்ப அவையிட்டக் கொண்டுபோய்க் குடுப்பம். வேணுமெண்டா வச்சிருக்கட்டும், வேண்டாமெண்டா கோடு போட்டு அடிக்கட்டும். நான் எல்சாவோட கதைக்கிறன்."

என்ன கதைத்தார் என்று முழுதாகத் தெரியாது. நான் கழுவும் அறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது எல்சா தாள்களை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "நான் காலையில் பெருமையாகச் சொன்னதை மத்தியானமே மறந்துவிட்டேன்" என்றார். பிரயாணத்தை ஐந்து நாள் தள்ளிவைத்தார். நம் வேலையில் பெரிய இடத்து ஆட்களைத் திட்டுவது சுலபம். இந்த அம்மையாரை நான் திட்டமாட்டேன்.

மறுநாள் நானா வேனைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார், "எப்பவும் பாட்டும் சிரிப்புமாத்தான் போவாங்க மிஸ். நேத்து ஹேவாஹெட்ட போற வரைக்கும் ஒரு பொம்புளயும் வாய் தொறக்கல்ல. நான் ரேடியோவையும் போடல்ல." என்னைக் குத்திக்காட்டச் சொன்னதில்லை. ஆனால் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் தனியாக பஸ் ஏறினேன். ஃபாதர் வருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். அவர் வந்தால் சனம் அவருக்காகக் கையெழுத்தை வைத்துக்கொள்ளும், எனக்கும் பாதிப் பாரம் குறையும். இரண்டும் சரியில்லை என்று பட்டது. என் வேலைக்காலத்தில் நான் சரியாக எடுத்த முடிவுகள் சில உண்டு, அதில் இது ஒன்று.

பிள்ளைக்காம்பரா நிரம்பி வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். அறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். பிறகு, மழையைச் சாட்டாமல், வாசிக்காமல் கையெழுத்து வாங்கியது என் பிழை என்று சொன்னேன். தாள்களையும் ஒரு சிவப்புப் பேனாவையும் மேசையில் வைத்தேன். இருக்கட்டும் என்பவர் விட்டுவிடலாம், வேண்டாம் என்பவர் தன் பேரைத் தானே அடித்துவிடலாம், யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை என்றேன்.

மிஸ் மனசு நோகுமே என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு அவர்களைத் தெரியும்.

ராஜேஸ்வரிதான் முதலில் வந்தாள். தாள்களைப் புரட்டித் தன் பேரைக் கண்டுபிடித்தாள். அவசரப்படவில்லை. பேரின் முதல் எழுத்தில் பேனாவை வைத்து, கடைசி எழுத்து வரை அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். தாள் கொஞ்சம் கிழிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை நான் துடைக்கவில்லை. அவமானம், துக்கம் என்றெல்லாம் பிரித்துச் சொல்ல வராது, இரண்டும்தான். பேனாவை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு அவள் ஓரமாகப் போய் நின்றாள்.

அதன்பிறகு வரிசை வந்தது. ஒரு பெரியவர் தன் கைநாட்டைக் காட்டி, "இத எப்பிடி மிஸ் அடிக்கிறது? எனக்குக் கோடு போட வராது" என்றார். எனக்கும் தெரியவில்லை. அவரே யோசித்துவிட்டு மைப்பெட்டியைக் கேட்டார். பழைய ரேகையின் மேலேயே மறுபடி பெருவிரலை வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டார். கறுப்பாக ஒரு பொட்டுத்தான் மிஞ்சியது. "இப்ப இது நான் இல்ல" என்றார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

மத்தியானத்துக்குள் முக்கால்வாசிக் கையெழுத்துகள் அடிபட்டுப்போயின. அடிக்காதவர்களும் இருந்தார்கள், சில இளைஞர்கள், நிறுத்தினால்தான் இவங்களுக்கு உறைக்கும் என்றார்கள். அவர்களுக்கும் ராஜேஸ்வரிக்கும் வாக்குவாதம் வந்தது. நான் நடுவில் புகவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள், நான் எழுதிக்கொண்டேன். சலுகையை நிறுத்தவேண்டாம். ஆனால் அதைத் தொடர்வதா என்று பார்க்க வருகிறவர்கள் கொழும்பில் மட்டும் விசாரிக்காமல் தோட்டத்துக்கு வரவேண்டும், துரை பக்கத்தில் இல்லாமல் எங்களிடம் கேட்கவேண்டும். காணி, வீடு பற்றி ஒரு வரி. இன்னொன்று, நான் நினைத்துக்கூடப் பார்க்காதது. லயத்து வீட்டுக்கு விலாசம் வேண்டும். கடிதமெல்லாம் தோட்டக் கந்தோருக்குத்தான் வருகிறது, நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்தபிறகு கைக்குக் கிடைக்கிறது. இதையும் எழுதுங்கள் என்றார்கள்.

எல்லாம் ஒரு பக்கம்கூட வரவில்லை. எழுதினேன், வாசித்துக் காட்டினேன், இரண்டு இடத்தில் திருத்தினார்கள், மறுபடி வாசித்தேன். முதல் அறிக்கையில் பேரை விட்டுவைத்த இளைஞர்களிடமும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்டேன். சிலர் புதியதற்கு வந்தார்கள், சிலர் எதுவும் வேண்டாம் என்று போனார்கள். பேரை அடித்த பலர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள், கடைசியில் புதிய கடிதத்தில் நாற்பத்தியொரு பேர். முந்நூற்றுச் சொச்சம் நாற்பத்தியொன்றாகியது. ராஜேஸ்வரி கையெழுத்துப் போடவில்லை. மூன்று மணித்தியாலமாக அந்தக் கடிதத்துக்காக வாதாடியவள் அவள்தான். "யோசிக்கணும் மிஸ்" என்றாள், அவ்வளவுதான். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்தக் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். எல்சா அதைக் கொண்டுபோய்க் குழுவின் முன் வாசித்தார். ஏன் இவ்வளவு குறைவான கையெழுத்து என்று ஓர் உறுப்பினர் கேட்டாராம். எல்சா நடந்ததை மறைக்காமல் சொன்னாராம். அதற்குப் பிறகுதான் அந்த அறையில் ஆட்கள் நிமிர்ந்து கேட்டார்கள் என்று எழுதியிருந்தார். சலுகை தொடர்ந்தது. அது எங்கள் கடிதத்தால்தான் என்று சொன்னால் நான் பொய்க்காரி. பெரிய நாடுகளுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அடுத்த முறை பார்க்க வந்தவர்கள் அந்தப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, சின்னக் கதிரைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பெண்களிடம் கேட்டார்கள். கண்காணிக்க வந்த கங்காணியை ஒருவர் மரியாதையாக வெளியே போகச் சொன்னார். பாப்பரசரின் கடதாசி ரோமிலிருந்து புறப்பட்டு எத்தனை நாட்டைச் சுற்றி அந்த அறைக்கு வந்தது என்று நான் நினைத்துப் பார்த்தேன். விலாசம் பற்றி இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறோம். இனி நீங்கள் எழுதுவீர்கள். நல்ல தமிழில் எழுதுங்கள், வாசித்துக் காட்ட இலகுவாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்னும் முடிக்கவில்லை. கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்காக ரோட்டுக்கு இறங்கினேன். மலையில் மப்பு இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நிறுத்தத்தில் நான் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் குறுக்குப் பாதையால் ராஜேஸ்வரி இறங்கி வந்தாள், மூச்சு வாங்க.

"அந்தக் கடுதாசியக் குடுங்க மிஸ்."

எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் வாசித்தாள். பிறகு பேனா கேட்டாள். பேனாவைக் கொடுத்துக்கொண்டே, அதற்குமேல் பொறுக்க முடியாமல், கேட்டுவிட்டேன்.

"அங்கேயே போட்டிருக்கலாமே ராஜேஸ்வரி. ஏன் போடல?"

"யூனியன் வந்திச்சு, கட்சி வந்திச்சு, கம்பெனி வந்திச்சு. எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டிருக்கோம். போட்டத ஒருத்தரும் திருப்பிக் கொண்டாந்ததில்ல. நீங்க கொண்டாந்தீங்க. நெசமாத்தான் அடிக்க விடுவீங்களா, அடிச்சா என்னா செய்வீங்கன்னு பாக்கணும்னு இருந்திச்சு. பாத்திட்டு வீட்டுக்குப் போயி யோசிச்சேன்."

"நான் என்ன செஞ்சேன்?"

"அழுதீங்க," என்றாள். "ஆனா பேனாவப் புடுங்கல்ல."

தாளை என் கைப்பையின் மேல் வைத்து, மற்ற நாற்பத்தியொரு பேருக்கும் மேலே இருந்த வெற்றிடத்தில், தன் பேரை முழுதாக எழுதினாள்.